விரல் பொருந்தவில்லை

நவம்பர் பிறந்தால் என் கடைக்கு
உயிரோடு இருப்பவர்கள் வரத் தொடங்குவார்கள்.
வேதாரண்யம் மேலவீதி. ஜெராக்ஸ், பான் கார்டு, லேமினேஷன்.
வாழ்நாள் சான்று எழுபது ரூபாய்.
மழைக்கு ஒதுங்கினால் காசில்லை.

நேற்று வந்தவர் நாயக் பக்கிரிசாமி, அகஸ்தியம்பள்ளி.
உப்பளம் மூடிக் கிடக்கும் மாதம்,
அதனால் சட்டை வெள்ளையாக இருந்தது.
வலது கட்டைவிரல் வைத்தார். பொருந்தவில்லை.
இடது. பொருந்தவில்லை.
பிறகு பத்தையும் ஒவ்வொன்றாக,
ஆஜர் சொல்லப் போகிற ஆட்களைப் போல.
முப்பது வருஷம் உப்பு வாரிய கை.
ரேகையை உப்பு தின்றிருந்தது.
தேங்காயெண்ணெய் தடவினேன், துடைத்தேன், ஊதினேன்.
எந்திரம் அலுக்காமல் அதையே சொன்னது:
இவர் இவர் இல்லை.

நான் வரலாறு படித்தவள்.
பட்டத்தை நானே லேமினேஷன் செய்து
மின்விசிறிக்குக் கீழே மாட்டியிருக்கிறேன்.
படித்ததில் நிற்பது கொஞ்சம்தான்.
ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள்,
மயிற்பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள்.
எங்கள் பக்கம் நடுவதற்குக் கல் ஏது?
தோண்டினால் வண்டல்,
இன்னும் தோண்டினால் உவர்நீர்.
நெல் விளைகிற சீமையில் நிலம் கொடுத்தார்களாம்,
உதிரப்பட்டி என்று பெயர்,
செத்தவன் பிள்ளைகள் உழுது தின்ன.
பிறகு வெள்ளைக்காரன். பழைய கச்சேரிச் சுவரில்
உள்ளங்கை நாலு அகலத்துக்கு ஒரு சலவைக்கல்:
இவ்வூரிலிருந்து யுத்தத்துக்குச் சென்றோர் பதினான்கு,
உயிர் நீத்தோர் மூன்று.
பெயர் ஒன்றுகூட இல்லை.
மிச்சம் பதினொரு பேர்
எந்த வாய்க்கால் கரையில் எத்தனை காலோடு நடந்தார்கள் என்று
ஒரு கேள்வித்தாளிலும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

"எந்தச் சண்டை, மாமா?"
கடல் இருக்கும் திசைக்குத் தலையை அசைத்தார்.
எங்கள் ஊரில் அந்தப் பக்கம் என்றால் ஒன்றுதான்.
அந்தப் பக்கத்து ரேடியோவில்தான்
என் அம்மா பாட்டுக் கேட்டு வளர்ந்தாள்.

எண்பத்தேழில் போனவர்.
தொண்ணூறில் கப்பல் சென்னைக்கு வந்தபோது
தொடையில் இரும்புத் துண்டு, கையில் ஒரு டிரங்குப் பெட்டி.
"மாலை போட்டாங்களா?"
"பேண்டு வாசிச்சாங்க. ஊரு வரல."
கொஞ்சம் பொறுத்து,
"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல யூனிபார்ம அவுத்துட்டு
கைலி கட்டிக்கிட்டேன்.
டீக்கடைக்காரன் எங்கேருந்து வர்றேன்னான்.
பெங்களூருன்னேன்."

கடைசி வழி கண்.
கருவிழி எடுக்கும் கருவி இரட்டைக் குழல் மாதிரி இருக்கும்.
மற்றவர்களுக்கு நான் பிடித்துக் காட்ட வேண்டும்.
இவர் வாங்கி, முழங்கைகளை மேசையில் ஊன்றி,
மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.
"சிமிட்டாதீங்க, மாமா."
"ம்."
சுவரையே பார்த்தபடி சொன்னார்:
"ஒரு வீட்டு வாசல்ல ஒரு அம்மா.
கைய ரெண்டையும் தூக்கிட்டு நின்னுச்சு.
நான் என் ஆளுகிட்ட பேசுறதக் கேட்டுட்டு,
தம்பி எந்த ஊர்னு கேட்டுச்சு.
சொன்னேன்.
கோடியக்கரை வெளக்கு எங்களுக்குத் தெரியும்னு சொல்லிச்சு."

மழை தகரத்தில் இறங்கியது.
"அப்புறம்?" என்றேன்.

பச்சை எரிந்தது.
"எடுத்துருச்சா?" என்றார்.

எடுத்துவிட்டது. அச்சடித்துக் கொடுத்தேன்,
இன்னார் இன்ன தேதியில் உயிருடன் உள்ளார்.
காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்,
தேதியை இரண்டு தடவை.
"அடுத்த வருஷமும் வரணுமா?"
"வரணும்."
ஐம்பது போதும் என்றேன். எழுபது வைத்தார்.
காகிதத்தை நனையாமல் வயிற்றோடு செருகிக்கொண்டு
வலதுகாலை முதலில் இழுத்துப் படி இறங்கினார்.

அடுத்தவருக்காகக் கண்ணாடியைத் துடைக்க எடுத்தேன்.
பத்து விரல் வைத்த இடம்.
எண்ணெய் இருந்தது.